தாட்சாயணி கட்டின கிராப்பு

கோவர்த்தனனுக்கு இருபத்தைந்து வயதில் முடி கொட்டிப்போனது. திருத்தணிக்கு மேற்கே இரண்டு மைலில் அவன் ஊர். ஆந்திரா தனி ராஜ்யமான வருஷம் டிரில் மாஸ்டர் வேலைக்கு ஆர்டர் வந்தது. அடுத்த வருஷம் விஷக்காய்ச்சல் வந்தது. பதினெட்டு நாள் படுக்கையில் கிடந்து எழுந்தபோது தலையணையில் இருந்த முடி தலையில் இருந்ததைவிட அதிகம். மிச்சமும் ஒரு மாசத்துக்குள் உதிர்ந்து, காதோரத்திலும் பிடரியிலும் ஒரு வளையம் மட்டும் நின்றது.

வேறு யாராவது என்றால் ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பார்கள். இவனுக்கு முடியவில்லை. உடம்பை வைத்துத்தான் அவன் பிழைப்பு, சந்தோஷம் எல்லாம். காலையில் ஆறு மைல் சைக்கிள். சாயங்காலம் பையன்களோடு சடுகுடு. ஞாயிற்றுக்கிழமை என்றால் கமலைக்கிணற்றின் மேல் சுவரிலிருந்து தலைகீழாகப் பாய்வான். தேகம் காளைமாதிரி இருக்க, தலையை மட்டும் பார்த்துவிட்டு ஒரு கல்யாண வீட்டில் அவனைப் பெரியவர்கள் பந்தியில் உட்கார வைத்தார்கள். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

புத்தூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டான். அங்கே யாரும் அவனை முன்பின் பார்த்ததில்லை. வேலையில் சேர்வதற்கு முன்னால் ரேணிகுண்டா வரை சென்று, அங்கே கலைந்துபோயிருந்த ஒரு நாடகக் கம்பெனியிலிருந்து ஒரு டோப்பாவை வாங்கி மாட்டிக்கொண்டு, சுருள் சுருளான கிராப்போடு போய்ச் சேர்ந்தான்.

இரண்டு மாசம் தட்டில்லாமல் ஓடியது. பிறகு ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்தார். அவருக்கு முன்னால் பையன்கள் தண்டால் எடுத்தார்கள், பிரமிடு கட்டினார்கள். கடைசியில் மாஸ்டரே சிரசாசனம் போட்டுக் காட்டினான். ஐந்து நிமிஷம் அசையாமல் நின்றுவிட்டு எழுந்து சல்யூட் வைத்தான். இன்ஸ்பெக்டர் அவனை நெடுநேரம் பார்த்தார். பிறகு, நீங்கள் வகிடு இடது பக்கம் எடுத்திருந்ததாக ஞாபகம் என்றார். தலைகீழாக நின்றபோது டோப்பா தரையோடு ஒட்டி நின்றுவிட, தலை மட்டும் அதற்குள் கால்வட்டம் சுற்றியிருந்தது. வெயில் கண்ணைக் கூசுகிறது என்று எதையோ சொல்லி அவன் சமாளித்தான்.

அன்று சாயங்காலம் அறைக்கதவைச் சாத்திவிட்டு டோப்பாவைப் புரட்டிப் பார்த்தபோது, உட்பக்கத்துத் துணியில் தெலுங்கு எழுத்தில் ஒரு பெயர் தைத்திருந்தது: நாகபூஷணம், திருப்பதி.

சனிக்கிழமை பஸ் ஏறினான். கோவிந்தராஜசாமி கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் விசாரித்துக் கண்டுபிடித்தான். வாசலில் பலகை எதுவும் கிடையாது. உள்ளே நுழைந்தால் மூட்டை மூட்டையாக முடி. மலைமேல் பக்தர்கள் கொடுத்துவிட்டு வந்த முடி, ஏலத்தில் கைமாறிக் கைமாறி அங்கே வந்து சேர்ந்திருந்தது. நடுவில் ஒரு பெண், ஆணி அடித்த பலகையில் முடிக்கற்றையை இழுத்து இழுத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

நாகபூஷணம் கார்வேட்டிநகரத்துக்காரர். அங்கே ஜமீன் இருந்த காலத்தில் நாடகம் ஆடுகிறவர்களுக்கெல்லாம் டோப்பா கட்டியவர். ஜமீன் போனபிறகு திருப்பதிக்கு வந்துவிட்டார். மனைவி இல்லை. கண் மங்கிக்கொண்டு வந்ததால் நுணுக்கமான வேலையெல்லாம் இப்போது மகள் தாட்சாயணி கையில். பெரியவர் டோப்பாவைக் கையில் வாங்கி விரலால் தடவிப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

"இது ராஜா வேஷத்துக்குக் கட்டனது மாஸ்டரே. உக்காந்து பேசற ராஜாவுக்கு. ஓடற ராஜாவுக்கு இல்ல."

தாட்சாயணி வேலையை நிறுத்திவிட்டு, பகல் முழுக்க என்னென்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அவன் சொன்னான். சைக்கிள், ஓட்டம், கயிறு ஏறுவது, சடுகுடு, கிணறு. கிணறு என்றதும் அவள் நிமிர்ந்து, தலைகீழாகவா, கால் முன்னாலா என்று விசாரித்தாள். தலைகீழாக என்றான். ஒரு ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

டோப்பா மாட்ட ஆரம்பித்தபிறகு இன்னொருவர் முன்னால் அவன் வெறுந்தலையைக் காட்டியது அதுதான் முதல் தடவை. காது சூடேறியது. அவளோ, தையற்காரன் தோளைப் பார்ப்பதுபோல் இப்படியும் அப்படியும் சாய்ந்து பார்த்துவிட்டு, "மண்டை நல்லா உருண்டையா கீது சார். வேலை சுலபம்" என்றாள். பிறகு நனைத்த மல்துணியை உச்சியில் போட்டு அதன்மேல் மைதாப் பசையைப் பூசி, காய்கிற வரைக்கும் சிரிக்கக் கூடாது, சிரித்தால் அச்சு சுருங்கிவிடும் என்றாள். சிரிக்கக் கூடாது என்று சொல்லாமல் இருந்திருந்தால் அவனுக்குச் சிரிப்பு வந்திருக்காது. மூன்று தரம் பூச வேண்டியதாயிற்று.

அச்சின்மேல் பட்டுநூலால் வலை பின்னி, அந்த வலைக்கண்ணில் கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாக முடிச்சுப் போட அவளுக்கு இரண்டு மாசம் பிடித்தது. ஒரு கற்றையில் எல்லா முடிக்கும் வேர் ஒரே பக்கம் இருக்க வேண்டும், தலைமாறினால் செதிலோடு செதில் மாட்டிக்கொண்டு ஒரே நாளில் சிக்கு விழும் என்று அவனுக்கு விளக்கினாள். முன்நெற்றியில் முடியை நெருக்கமாக வைக்காமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வைத்தாள். பிறந்த முடி அப்படித்தான் இருக்கும், நெருக்கி வைத்தால் புல்தரை மாதிரி தெரியும் என்றாள். காதோரத்து வளைய முடியைச் சின்னச் சின்னதாகப் பின்னி, அந்தப் பின்னலில் கவ்வுகிற மாதிரி நாலு கிளிப்பு. நெற்றியில் மட்டும் நாடகக்காரர்களின் பசை, அதுவும் மூன்றே பொட்டு.

போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தான். காய்ச்சலுக்கு முந்தின கோவர்த்தனன் கொஞ்சம் தயக்கத்தோடு அவனைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டோப்பா கட்டுவது பாதி வேலைதான், வளர்ப்பது மீதி என்று தாட்சாயணி சொல்லி அனுப்பினாள். வாரம் ஒரு தரம் பூந்திக்கொட்டை நுரையில் அலச வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது. செம்பைக் கவிழ்த்து அதன்மேல் போட்டு நிழலில் காயவைக்க வேண்டும். நுனியிலிருந்து சீவிக்கொண்டே மேலே போக வேண்டும். எண்ணெய் முடிக்கு ஒரு சொட்டு, வலைக்குக் கூடவே கூடாது. வெயில் பட்டால் செம்பட்டையாகும், ஆகவே டிரில் நேரத்தில் தொப்பி. இதையெல்லாம் அவன் பையன்களுக்குத் தேகப்பயிற்சி விதி சொல்வதுபோல மனப்பாடமாக வைத்துக்கொண்டான்.

என்ன நடக்கிறது என்று எழுதிப்போடவும் சொல்லியிருந்தாள். கவர் வாங்க மறந்துபோய் அவன் முதல் தடவை போஸ்ட் கார்டே போட்டான். கார்டை ஊரே படிக்கும் என்பதால் விவசாய பாஷையில் எழுதினான். 'பயிர் செழிப்பாக இருக்கிறது. மத்தியானத்தில் முன்வரப்பு மட்டும் வியர்வையில் கிளம்புகிறது. கிணற்றுப் பாய்ச்சலுக்கு மேற்கு மூலை தாங்கவில்லை.' நாலாம் நாள் பதில் வந்தது. 'வரப்பில் பழைய பசையைச் சுரண்டாமல் புதுப்பசை வைத்திருப்பீர்கள். ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு வைக்கவும். மேற்கு மூலைக்கு இன்னொரு முளை அடித்துத் தருகிறேன், சனிக்கிழமை வரவும்.' தபால்காரர் சிட்டிபாபு, மாஸ்டருக்குப் புத்தூரில் நிலம் எத்தனை ஏக்கர் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

இப்படியே நாலு வருஷம் போனது. ஒன்று தலையில், ஒன்று செம்பின்மேல் என்று இரண்டு டோப்பாக்கள். வலையில் வியர்வை தங்காமல் காற்றுப்போகத் துளை, பிடரியில் மெல்லிய பட்டி என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதாவது ஒரு திருத்தம். தலைகீழ்ப் பாய்ச்சலுக்குத் தாங்குகிற ஒன்றைக் கட்டி முடித்த அன்று தாட்சாயணி அவனை நம்பாமல், கடைக்குப் பின்னால் இருந்த தொட்டியில் மூன்று தரம் தலையை முக்கி எடுக்கச் சொன்னாள். அந்தச் சந்துக்குள் நுழைந்ததும் டோப்பாவைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, வெறுந்தலையோடு பெரியவரிடம் உலக விஷயம் பேசிக்கொண்டிருப்பது அவனுக்கு வழக்கமாகிவிட்டது. காற்று உச்சியில் படுகிற சுகம் அங்கேதான். அதற்கு மேல் அவன் யோசித்ததில்லை.

ஐம்பத்தொன்பதின் கடைசியில் அம்மா கிருஷ்ணம்மா பெண் பார்த்தாள். திருத்தணியில் நல்ல குடும்பம், பெண் பெயர் யசோதா. எல்லைச் சண்டையெல்லாம் முடிந்து, வருகிற ஏப்ரல் முதல் தேதி திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேரும் என்று தீர்மானமாகியிருந்தது. மகனும் அந்தப் பக்கம் வந்துவிட்டால் கண்ணெதிரே இருப்பான் என்பது அம்மாவின் கணக்கு. காய்ச்சலில் போன முடி திரும்ப வளர்ந்துவிட்டது என்றே சொந்த ஊரும் நம்பியிருந்தது. டோப்பா விஷயத்தைப் பெண் வீட்டாரிடம் சொல்லவில்லை. சொல்லிவிடலாம் என்று அவன் இரண்டு தரம் வாயெடுத்தான். தாலி ஏறட்டும், பிறகு எந்தப் பொண்டாட்டியும் புருஷன் முடியை எண்ணிக்கொண்டிருக்க மாட்டாள் என்று அம்மா அடக்கிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை தாட்சாயணியிடம் சொன்னான். அவள் குனிந்து முடிச்சுப் போட்டபடியே கேட்டுக்கொண்டாள். கல்யாணத்துக்குப் புதிதாக ஒன்று கட்டித் தருகிறேன், ஓமப்புகையில் வியர்க்கும், அதற்குத் தகுந்த மாதிரி முன்பக்கம் வைக்க வேண்டும் என்றாள். வழக்கமாக நாலு புத்திமதி சொல்லி அனுப்புகிறவள் அன்று எதுவும் சொல்லவில்லை. திரும்புகிற வழியில் ரேணிகுண்டாவில் பஸ் அரைமணி நேரம் நின்றது. எல்லோரும் இறங்கிக் காபி குடித்தார்கள். இவன் இறங்காமலே உட்கார்ந்திருந்தான்.

சங்கராந்தியை ஒட்டித் திருப்பதியில் தாலுகாக்களுக்கிடையே விளையாட்டுப் போட்டி நடந்தது. சடுகுடுவில் கடைசி ஆட்டத்துக்குப் புத்தூரும் திருத்தணியும் வந்தன. இனி இந்த இரண்டு தாலுகாவும் ஒரே ஜில்லாவாக ஆடப்போவதில்லை என்பதால் மைதானம் கொள்ளாத கூட்டம். பாதிப்பேர் சடுகுடு என்றார்கள், பாதிப்பேர் செடுகுடு என்றார்கள். யார் எந்தக் கட்சி என்பதை அதை வைத்தெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. புத்தூர்க் கட்சிக்குக் கோவர்த்தனன்தான் தலைவன். திருத்தணிக் கட்சியில் வெங்கடரமணன் என்று ஒருவன், யசோதாவின் அண்ணன். ஆட்டத்துக்கு முன்னால் வந்து கைகொடுத்து, "மாப்ளன்னு பாக்க மாட்டேன்" என்று சிரித்துவிட்டுப் போனான். நாகபூஷணமும் தாட்சாயணியும் கயிற்றோரமாக உட்கார்ந்திருந்தார்கள். பெரியவருக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாது, ஆட்டத்தை மகள் சொல்லித்தான் கேட்க வேண்டும். ஆனால் அவள் ஆட்டத்தைப் பார்த்ததாகத் தெரியவில்லை. கல்யாணத்துக்கென்று கட்டின புதுக் கிராப்பை அவன் அன்றே போட்டுக்கொண்டு வந்திருந்தான். அது எப்படி நிற்கிறது என்பதில்தான் அவள் கண்.

முடிய அரை நிமிஷம் இருக்கும்போது திருத்தணி ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தது. கோவர்த்தனன் பாடிக்கொண்டு போனான். வலது மூலையில் ஒருவனைக் காலால் தொட்டான், திரும்பும்போது இன்னொருவனைக் கையால் தொட்டான். வெங்கடரமணன் இடுப்புக்குப் பாய்ந்து தவறவிட்டு, விழுகிற வேகத்தில் கையை வீசினான். கோவர்த்தனன் குனிந்து நடுக்கோட்டைப் பார்த்துப் பாய்கிற நேரம் அது. வீசின கை கிராப்பைப் பிடித்துக்கொண்டது.

நாடகக் கம்பெனி டோப்பாவாக இருந்தால் அது பிடித்தவன் கையோடு போயிருக்கும், இவன் கோட்டைத் தொட்டிருப்பான். தாட்சாயணி கட்டினது போகவில்லை. பிறகு சேர்த்ததோடு ஐந்து கிளிப்பும் காதோரத்துப் பின்னலை உடும்புபோல் பிடித்துக்கொள்ள, கோவர்த்தனனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பாட்டு அறுந்தது. கோட்டுக்கும் அவன் விரலுக்கும் ஒரு சாண் இருந்தது.

நடுவர் விசில் ஊதினார். சித்தூர்க் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருப்பவர், சட்டம் பேசுகிறவர். தலைமுடியைப் பிடித்து இழுப்பது தப்பு, புத்தூருக்கு இரண்டு பாயிண்ட் என்று தெலுங்கில் சொல்லி, அதையே தமிழிலும் சொன்னார். புத்தூர்க் கூட்டம் துண்டுகளை வீசியது. அப்போது வெங்கடரமணன் தன் விரல்களைப் பார்த்தபடி எழுந்து நின்றான். தான் பிடித்தது முடியில்லை, கையில் வலைத்துணி மாதிரி எதுவோ பட்டது என்று நடுவரிடம் சொன்னான். திருத்தணிக்காரர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

நடுவர் யோசித்தார். பிறந்த முடியென்றால் பிடித்தது தப்பு. மேலே கட்டிக்கொண்டு வந்தது என்றால் இடுப்புத்துணியைப்போல அதுவும் அவன் சுமை, பிடி செல்லும். அவர் கோவர்த்தனன் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவ்வளவு இழுபட்டும் ஒரு முடி விலகவில்லை. நெற்றி ஓரம் நெற்றி ஓரமாகவே இருந்தது. கடைசியில் அவனையே கேட்டுவிட்டார்.

கூட்டம் அடங்கிப்போனது. ஆமாம், என் முடிதான் என்று சொன்னால் முடிந்தது காரியம். யாராலும் இல்லையென்று நிரூபிக்க முடியாது. அவன் கட்சிக்காரர்கள் அவனைப் பார்த்தபடி நின்றார்கள். அவன் வெங்கடரமணனைப் பார்த்தான். இந்த ஆளின் தங்கைக்குத்தான் தாலி கட்டப்போகிறோம், இப்போது இங்கே பொய் சொன்னால் பிறகு வீட்டிலும் சொல்ல வேண்டும், தினமும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. 

"கட்டனதுங்க. என் முடி காய்ச்சல்ல பூட்ச்சி" என்றான்.

சொல்லிவிட்டுக் கழற்ற ஆரம்பித்தான். அது ஒரு நொடியில் ஆகிற காரியம் இல்லை. ஒவ்வொரு கிளிப்பாகத் தடவித் தடவி எடுத்து, நெற்றிப் பசையை விரல் நுனியால் நெகிழ்த்தி, முன்னிருந்து பின்னாகச் சுருட்டி எடுக்க வேண்டும். நாலாயிரம் பேர் இருமல்கூட இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் உருண்டையான வெறுந்தலை வெயிலில் வெளிவந்தபோது கூட்டத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. டோப்பாவை நடுவர் கையில் கொடுத்தான். நடுவர் அதைக் கருவாட்டைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கினார்.

அந்த நேரத்தில் தாட்சாயணி கயிற்றுக்கு அடியில் நுழைந்து மைதானத்துக்குள் வந்தாள். நேரே நடுவரிடம் வந்து, "நடுவுல புடிக்காதீங்க. வலை இழுத்துக்கும். ஓரமா ஏந்திப் புடிக்கணும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு, மடியில் இருந்த துணியை விரித்து அதன்மேல் வைத்துப் புரட்டிப் பார்த்தாள். நடுவர் கொஞ்சநேரம் விதியை மறந்துவிட்டார். இது யார் கட்டியது என்று கோவர்த்தனனிடம் கேட்டார்.

"இவங்கதான். நாகபூஷணம் பொண்ணு, தாட்சாயணி" என்று அவன் கூட்டத்துக்கே கேட்கிற குரலில் சொன்னான்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். பத்து வருஷமாக டோப்பா கட்டுகிறாள். நன்றாக அமைந்த வேலை ஒவ்வொன்றும் யாருக்கும் தெரியாமல் ஏதோ ஒரு தலையில் ஒளிந்திருக்கும். தெரிந்துவிட்டால் அது நல்ல வேலை இல்லை. யாரும் அவள் பெயரை வெளியில் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. இன்று ஒரு மைதானமே அவளைத் திரும்பிப் பார்த்தது. யாரோ கைதட்டினார்கள். பிறகு இரண்டு கட்சிக்காரர்களும் தட்டினார்கள். அவள் முகம் சிவந்து, வந்த வழியே நடந்து போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "இன்னா ஆச்சு?" என்று பெரியவர் கேட்டார். "ஒரு முடிச்சு கூட அவுரல நைனா" என்றாள்.

பிடி செல்லும் என்று தீர்ப்பாயிற்று. புத்தூர் இரண்டு பாயிண்டில் தோற்றது. கட்சிக்காரர்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது ஒருவர் மாற்றி ஒருவர் அந்த டோப்பாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்ததில் தோற்றது மறந்துபோனது.

திருத்தணிச் சம்பந்தம் நின்றது. முடி இல்லாததற்காக அல்ல, மறைத்ததற்காக என்று பெண்ணின் அப்பா மரியாதையாக எழுதியிருந்தார். கோவர்த்தனன் நேரில் போய் மன்னிப்புக் கேட்டான். வெங்கடரமணன் காபி கொடுத்து, தன் சித்தப்பாவுக்கு அப்படி ஒன்று கட்ட எவ்வளவு நாள் ஆகும் என்று விசாரித்து அனுப்பினான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவது என்று அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். வெறுந்தலையோடு போவதா? கண்ணாடியைப் பார்த்தான். செம்பின்மேல் இருந்ததைப் பார்த்தான். எனக்கு இது பிடித்திருக்கிறது, வேட்டி கட்டிக்கொள்வதைப்போல இதையும் கட்டிக்கொள்கிறேன் என்று முடிவு செய்து போட்டுக்கொண்டு போனான். பையன்கள் அரைநாள் அவன் தலையையே பார்த்தார்கள். மத்தியானத்துக்கு மேல் கால்பந்து வந்ததும் பந்தைப் பார்த்தார்கள். ஹெட்மாஸ்டர் கிருபானந்தம் ஐயா மட்டும் மாலையில் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கண்டிப்பாரோ என்று பயந்தான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் உச்சியைத் தொட்டுக் காட்டி, ஞாயிறு ஆராதனைக்கு முன்வரிசையில் உட்கார வேண்டியிருக்கிறது, திருப்பதிக்காரர்கள் இதற்கு ஏதாவது செய்வார்களா என்று கேட்டார்.

பிப்ரவரியில் ஒரு தாள் வந்தது. திருத்தணி தாலுகாவைச் சொந்த ஊராகக் கொண்ட மாஸ்டர்கள் ஆந்திராவில் இருக்கப்போகிறார்களா, மெட்ராஸுக்குப் போகிறார்களா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஆசிரியர் அறையில் தினமும் இதே பேச்சு. தமிழ் பேசுகிறவன் தமிழ்ப் பக்கம் போக வேண்டும் என்று ஒருவர். இத்தனை வருஷம் சோறு போட்ட பக்கம் இருக்க வேண்டும் என்று இன்னொருவர். இருவரும் கோவர்த்தனனைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை பஸ் ஏறினான்.

தாட்சாயணி ஸ்டூலைக் காட்டினாள். கழற்றிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான். அவள் பிடரிப்பட்டியைப் பிரிக்க ஆரம்பித்தாள். தாளை எடுத்து நீட்டி, இதில் எந்தப் பக்கம் என்று எழுத வேண்டும், நீ சொல்லு என்றான். அவனை நிமிர்ந்து பார்க்காமலே, அதை நான் ஏன் சொல்ல வேண்டும் என்றாள். நீ எங்கே இருக்கிறாயோ அந்தப் பக்கம்தான் நான் எழுத வேண்டும் என்றான்.

ஊசி நின்றது. 

"டோப்பாவைப் பாத்துக்க ஆள் வேணும்னு கேக்கறீங்களா, உங்களுக்கு வேணும்னு கேக்கறீங்களா?"

"தலையில ஒண்ணும் இல்லாமத்தான கேட்டுக்கினு கீறேன்."

அவள் அவன் தலையைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவைத் தனியே விட்டுவிட்டு என்னால் எங்கும் வர முடியாது, இந்த வேலையையும் விட மாட்டேன் என்றாள். இரண்டையும் விட வேண்டாம் என்றான் அவன். உள்ளே படுத்திருந்த நாகபூஷணம், "சரே சரே. பங்குனி ஆவாது, வைகாசியில பாக்கலாம்" என்று குரல் கொடுத்தார். கண் மங்கினாலும் காது நன்றாகத்தான் இருந்தது.

ஆந்திரா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். சித்தூர் ஆபீஸில் தாளை வாங்கின குமாஸ்தா பெயரையும் ஊரையும் படித்துவிட்டு, தமிழராக இருந்தும் இங்கேயே இருக்கப் பெரிய காரணம் இருக்க வேண்டுமே என்று தெலுங்கில் கேட்டார். பெண்டாட்டி திருப்பதி என்று கோவர்த்தனன் தெலுங்கிலேயே பதில் சொன்னான். குமாஸ்தா தலையை ஆட்டிக்கொண்டு முத்திரை குத்தினார்.

கஷ்டம் அம்மாவிடம்தான். சம்பந்தம் முறிந்த கோபம், மகன் அந்தப் பக்கமே தங்கிவிட்ட கோபம், இரண்டும் சேர்ந்து பத்து நாள் அவனோடு பேசவில்லை. கடைசியில் பேசியபோது, சாமிக்குக் கொடுத்த முடியை வைத்துப் பிழைக்கிற வீட்டில் போய்ப் பெண் எடுக்கிறாயா என்றாள். அவன் வாதாடவில்லை. ஒரு தடவை வந்து பார், பிறகு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று மட்டும் சொல்லித் திருப்பதிக்கு அழைத்துக்கொண்டு போனான்.

கிருஷ்ணம்மா மூட்டைகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி விறைப்பாக உட்கார்ந்தாள். தாட்சாயணி மோர் கொடுத்தாள். பெரியவர் கார்வேட்டிநகரத்து மாம்பழம் பற்றிப் பேசினார். பேச்சு நகரவில்லை. நேரம் போகவேண்டுமே என்று தாட்சாயணி தன் வேலையில் குனிந்தாள். அன்று வேலூரிலிருந்து கேட்டனுப்பியிருந்த ஒரு அம்மாளுக்குச் சவுரி கட்டிக்கொண்டிருந்தாள். கிருஷ்ணம்மாவின் கண் மெல்ல அந்தப் பக்கம் போனது. சின்ன வயதில் அவள் பின்னல் முழங்கால் வரை தொங்கும் என்பார்கள். இப்போது கொண்டை போட்டால் பாக்களவுதான் வரும். கோயிலுக்குப் போனால்கூட முந்தானையை இழுத்து மூடிக்கொண்டுதான் போவாள்.

தாட்சாயணி அதைக் கவனித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து ஒரு கற்றையை எடுத்து வந்து, "கொஞ்சம் திரும்புங்க அத்தே, நிறம் ஒத்துக்குதான்னு பாக்கறேன்" என்றாள். கிருஷ்ணம்மா வேண்டாம் என்றாள். சொல்லிக்கொண்டே திரும்பினாள். தாட்சாயணி கொண்டையை அவிழ்த்து, கற்றையை வைத்துச் சுருட்டி, நாலு ஊசி குத்திக் கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். கிருஷ்ணம்மா அதை அப்படிப் பிடித்தும் இப்படிப் பிடித்தும் வெகுநேரம் பார்த்தாள். கோவர்த்தனன் வாசலில் போய் நின்றுகொண்டான். உள்ளே அம்மாவின் குரல் தணிந்து கேட்டது.

"முழுக்கக் கருப்பா வெக்காதம்மா. நரை பத்துப் பதினஞ்சு சேத்துக் கட்டு. இல்லன்னா எங்க ஊர்ல நம்ப மாட்டாளுங்க."